தொடாவிட்டால் அடிக்காத சைரன்

ஜாக்குலின் என் மனைவி. அதனால் இதில் நான் அவள் பக்கம்தான் பேசுவேன். நடுநிலையாக எழுத ஆசைப்படுகிறவர்கள் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் எனக்கு லாரி வயரிங் கடை இருக்கிறது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் என்று எது எரியாவிட்டாலும் அடிக்காவிட்டாலும் என்னிடம் வருவார்கள். கடையின் பின்பக்கத்து அறையில் இப்போது ஜாக்குலின் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். எடைமேடை, ஜவ்வரிசி ஆலை, ஹேச்சரி என்று கம்ப்யூட்டர் ஓடும் இடங்களில் கோளாறு வந்தால் அவளைக் கூப்பிடுகிறார்கள். ஆத்தூரிலிருந்துகூட ஆள் வருகிறது. முன்பு அவள் டவுனில் சரவணக்குமார் என்பவரின் கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தாள். அந்த வேலை எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் அவள் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் ஒரு பேங்க்குக்குப் போயிருந்தோம். கவுண்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "சர்வர் டவுன்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் பாஸ்புக்கை மடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இவள் மட்டும், "எந்த சர்வர் சார்? திரையில என்ன வந்திருக்குன்னு படிங்க" என்றாள். அவர் வேண்டாவெறுப்பாகப் படித்தார். அவருடைய பாஸ்வேர்ட் காலாவதி ஆகியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே வேலை நடந்தது. எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால் வெட்கப்பட்டிருக்க வேண்டியவன் நான் இல்லை.

அவளுக்கு அது ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் ஒரு பிழையை எழுதிக் காட்டினால் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படிப்பாள். "பாதிப் பேரு படிக்காமயே ஆஃப் பண்ணி ஆன் பண்றாங்க" என்று திட்டுவாள். மனிதர்கள் சொல்வதையும் அப்படித்தான் கேட்பாள். பாதியில் வெட்டினால் கோபம் வரும். பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். இந்த வாயோடு பெங்களூரில் எப்படிக் காலம் தள்ளினாள் என்று என் அண்ணி இன்றைக்கும் கேட்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜேடர்பாளையம் போகிற சாலையில் ஒரு ஹேச்சரி இருக்கிறது. முட்டையை மெஷினில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற இடம். முதலாளி பெயர் செந்தமிழன். வாசல் பலகையில் ஒரு தமிழ் எழுத்துக்கூடக் கிடையாது. பழைய மெஷின்கள், உள்ளே சூடு ஏறினால் அதுவாகச் சொல்லாது. அதற்காகச் சரவணக்குமார் அங்கே ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சென்சார் இருக்கும். சூடு அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம், சுவரில் மாட்டியிருக்கும் சைரனை அடிக்க வைக்கும். முட்டைக்குள் உயிர் வளர்ந்துகொண்டிருக்கும்போது சூடு ஏறினால் மொத்தமும் போய்விடும். அதனால் அந்தச் சைரனைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அங்கே பாவாயி அக்கா என்று ஒருவர் வேலை பார்த்தார். மெஷின் அறையைச் சுற்றிப் பார்ப்பது, தட்டுகளைக் கழுவுவது, முட்டை அடுக்குவது எல்லாம் அவர் வேலை. வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் மகளைக் கட்டிக்கொடுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையிலும் அன்றைக்குப் பொரி உண்டு. மாதா படத்துக்குக் கீழே ஸ்பானருக்குச் சந்தனம் வைக்காவிட்டால் லாரிக்காரர்கள் விடமாட்டார்கள். ஹேச்சரியில் முட்டை இருக்கும் மெஷினை நிறுத்த முடியாது. அதனால் ஓடுகிற மெஷினுக்கே பொட்டு வைத்துவிட்டு, நிறுத்தக்கூடியவற்றை எல்லாம் நிறுத்தித் துடைத்துப் பூஜையில் வைப்பார்கள். அந்த வருஷம் கம்ப்யூட்டரையும் நிறுத்தினார்கள். துடைத்தார்கள். திரைக்கு மாலை போட்டார்கள். கீபோர்டைக் கழற்றி, தராசோடும் திருப்புளியோடும் சேர்த்துச் சாமி படத்தின் முன்னால் வைத்துச் சந்தனம் தெளித்தார்கள். பூஜை முடிந்ததும் கம்ப்யூட்டரை மட்டும் ஆன் செய்தார்கள். ஆன் செய்தால் சூடு பார்க்கிற புரோகிராம் தானாகவே ஓடும் என்று சரவணக்குமார் சொல்லியிருந்தார். பூஜையில் வைத்த கீபோர்டை விஜயதசமி அன்று காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. தொடவும் இல்லை.

அன்று மத்தியானம் ஆட்கள் பொரியையும் சுண்டலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாவாயி அக்கா பக்கத்து அறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ஒரு மெஷினில் ஃபேன் பெல்ட் அறுந்து உள்ளே சூடு ஏறியது. வழக்கமான சுற்றுக்குப் போனவர், கதவில் கை வைத்ததும் சுட, பதறிப்போய் முதலாளி வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் அந்த மெஷினில் இருந்த முட்டை அத்தனையும் வெந்து போயிருந்தது.

"சைரன் அடிச்சிருக்குமே, நீ எங்க போன?" என்று முதலாளி கேட்டார்.

"அடிக்கலீங்க" என்றார் பாவாயி அக்கா.

"அடிக்காம எப்படி இருக்கும்? எங்கியோ கதை பேசிட்டு இருந்துட்டுப் பழிய மெஷின் மேல போடறியா?"

"நான் பக்கத்துலதானுங்க இருந்தேன். அடிக்கலீங்க."

அவர் இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. விஜயதசமி முடிந்ததும் முதலாளி சரவணக்குமாருக்குப் போன் போட்டார். சைரனைச் சோதித்துச் சொல்ல ஜாக்குலினை அனுப்பினார்கள்.

அவள் போனபோது எல்லா ஆட்களையும் முற்றத்தில் நிற்க வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் இனியன் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட்டான். திரையில் எல்லா மெஷினின் சூடும் ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்குலின் புரோகிராமை நிறுத்தினாள். மறுபடி பெயரைத் தட்டி ஓடவிட்டாள். ஒரு சென்சாரை வெளியே எடுத்து ஒரு டம்ளர் வெந்நீரில் வைத்தாள். சைரன் ஊரைக் கூட்டியது. நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏம்மா, கோளாறு இருக்குதா இல்லியா, ஒரே வார்த்தைல சொல்லு" என்றார் செந்தமிழன்.

"இல்லைங்க" என்றாள் ஜாக்குலின்.

அவர் ஆட்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? இவ பொய்க்காரி. இன்னையோட இவளுக்கு இங்க வேலை இல்லை" என்றார். பாவாயி அக்கா, "அன்னைக்கு அடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜாக்குலின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாலையில் ஹேச்சரிகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் பஞ்சமில்லை. கை பழகிய ஆள் கிடைத்தால் எவரும் விடமாட்டார்கள். ஆனால் முதலாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். ஒரு இடத்தில் பொய்க்காரி என்று பேர் வாங்கினால் சாயங்காலத்துக்குள் எல்லா இடத்துக்கும் அந்தப் பேர் போய்விடும். பாவாயி அக்காவுக்குப் போனது ஒரு இடத்து வேலை இல்லை, அந்தச் சாலையில் இருக்கும் வேலை முழுவதும்.

வீட்டுக்கு வந்த ஜாக்குலின் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தக்கா பொய் சொல்ற மாதிரி தெரியலைங்க" என்றாள். "பொய் சொல்றவங்க காரணம் சொல்லுவாங்க. கரண்டு இல்லைம்பாங்க, காத்து சத்தம்பாங்க. இவங்க அடிக்கலைங்கறத மட்டும்தான் சொல்றாங்க."

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து கடையில் ஒரு லாரிக்கு ஹாரன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்குலின் டீ கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். டிரைவர், "ஹாரன் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். நான் ஹாரனைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்துக் காட்டினேன். அடித்தது. "ஹாரன் நல்லா இருக்குதுங்க. நேராக் குடுத்தா அடிக்குது, வண்டில மாட்டினா அடிக்கலை. வர்ற வழியிலதான் கோளாறு" என்றேன்.

ஜாக்குலின் டம்ளரை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். இந்த முடிச்சை அவிழ்த்தது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். தனக்கு முந்தின நாளே சந்தேகம் வந்துவிட்டது என்று அவள் சொல்கிறாள். எது உண்மையோ, டீ ஆறிப்போனது.

அவள் செய்த தவறு இதுதான். புரோகிராமைத் தன் கையால் தட்டி ஓடவிட்டுச் சோதித்தாள். பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்த மாதிரி. ஆயுத பூஜை அன்று யாரும் எதையும் தட்டவில்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அது தானாகப் பின்னணியில் ஓட வேண்டியிருந்தது. அப்படி ஆள் கை படாமல் ஓடுகிற புரோகிராமைக் கம்ப்யூட்டர்காரர்கள் சர்வீஸ் என்கிறார்கள். அது ஓடியதா என்று அவள் பார்க்கவே இல்லை.

வீட்டிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்க்க அவள் கம்பெனி ஆட்களுக்கு வசதி இருந்தது. பார்த்தாள். வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தாள். ஆயுத பூஜை அன்று ஆன் செய்த உடனே சர்வீஸ் எழுந்திருக்கிறது. லைப்ரரி கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு விழுந்திருக்கிறது. மறுபடி எழுந்து, மறுபடி அதையே எழுதி, விழுந்திருக்கிறது. சில தடவைக்குப் பிறகு அதுவும் அலுத்துப்போய் நின்றுவிட்டது. திரைக்கு மாலை போட்டுச் சுண்டல் தின்றுகொண்டிருந்த நேரத்தில் உள்ளே இது நடந்திருக்கிறது.

லைப்ரரி என்றால் என்ன என்று எனக்கு அவள் சொன்னதைச் சொல்கிறேன். ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. சென்சாரோடு பேசுவது போன்ற வேலையை வேறு யாரோ எழுதிவைத்த ஒரு ஃபைலிடம் விட்டுவிடும். அந்த ஃபைல்தான் லைப்ரரி. அது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் புரோகிராம் கிளம்பவே கிளம்பாது. சரவணக்குமார் அவசரத்தில் அந்த ஃபைலை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை இனியனின் லாகினுக்குள் மட்டும் எழுதி வைத்திருந்தார். வீட்டுச் சாவி எந்த ஜன்னலில் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியாது, அது மாதிரி. இனியன் லாகின் செய்து தட்டினால் லைப்ரரி கிடைக்கும். யார் லாகினும் இல்லாமல் தானாக எழுந்திருக்கிற சர்வீஸுக்குக் கிடைக்காது.

இனியனுக்குப் போன் போட்டாள். "கம்ப்யூட்டர ஆன் பண்ணினதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"லாகின் பண்ணி அந்தப் புரோகிராம் பேரத் தட்டுவேனுங்க. அப்பத்தான் நம்பரெல்லாம் தெரியும். மொத நாளே சரவணக்குமார் சார்தான் போன்ல சொன்னாருங்க."

"எதுக்குன்னு சொன்னாரா?"

"ஸ்கிரீன்ல தெரியறதுக்குன்னு நான் நெனச்சுக்கிட்டேனுங்க. சைரன் தனியா ஓடுது, அதுக்கும் இதுக்கும் என்ன?"

அவன் மேல் தப்பில்லை. ஆரம்பத்திலிருந்தே அந்தச் சைரன் இனியனின் கையால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. விஜயதசமி காலையில் கீபோர்டை எடுத்து மாட்டியதும் வழக்கம்போல் தட்டியிருக்கிறான். அப்புறம் யார் வந்து பார்த்தாலும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். "நான் வர்றவரைக்கும் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிராதீங்க. இப்ப ஓடறது ஓடட்டும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வைத்தாள்.

பிறகு சரவணக்குமாருக்குப் போன் போட்டாள். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "ஜாக்குலின், வீட்ல இருந்தே அந்த லைப்ரரி இருக்கற இடத்தைச் சரியா எழுதிவிட்டுரு. அஞ்சு நிமிஷ வேலை. கம்முனு முடிச்சுரு" என்றார்.

"அந்தக்காவுக்கு?"

"அந்தம்மா போயாச்சு. வேற எங்கியாச்சும் சேந்துக்கும். நீ இதைக் கிளறினா கஸ்டமர் நம்ம மேல வருவாரு. நஷ்டத்த நம்ம தலைல கட்டுவாரு."

"நான் இப்ப சரி பண்ணிட்டேன்னா அப்புறம் காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது சார். நாளைக்கு அங்க போய், எல்லாரும் பாக்கறப்ப சரி பண்றேன்."

"போனீன்னா இங்க வராத."

அவள் போனை வைத்தாள். பயமாக இருந்ததா என்று நான் கேட்டேன். "பயமாத்தான் இருக்கு. அதுக்காக?" என்றாள். எனக்கும் பயம்தான், அவள் சம்பளம் இல்லாவிட்டால் கடை வாடகை இடிக்கும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சரவணக்குமார் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பெண்ணின் பிழைப்பை ஐந்து நிமிஷ வேலை என்கிறான்.

திங்கட்கிழமை காலையில் கடையைச் சாத்திவிட்டு என் ஆம்னி வேனில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நேராக ஹேச்சரிக்குப் போவோம் என்று நினைத்தேன். அவள் பாவாயி அக்கா ஊருக்கு விடச் சொன்னாள். அவர் வாசலில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீதான சாமி கோளாறு இல்லைன்னு சொன்ன?"

"ஆமாங்கக்கா. தப்பாச் சொல்லிட்டேன். நீங்க சொன்னதுதான் நெசம், அன்னைக்கு சைரன் அடிக்கலை. வாங்க, அங்கயே வந்து சொல்றேன்."

பாவாயி அக்கா கடலையைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். "நீயே போயி சொல்லிரு சாமி. அந்தக் கேட்டுக்குள்ள நான் எதுக்கு?"

"நீங்க இல்லாம சொன்னா அது கம்ப்யூட்டர் ரிப்பேர்னு முடிஞ்சிரும். உங்களைச் சொன்னது எல்லாருக்கும் முன்னால. சரி பண்றதும் அப்படித்தான் பண்ணணும்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். நல்ல சேலை, விசேஷத்துக்குக் கட்டுவது. "வெளுத்துப்போன சீலையோட அவங்க முன்னால நான் நிக்கமாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். 

வேனைப் பார்த்ததும் செந்தமிழன் முகம் மாறியது. "இவள எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றார்.

"சார், அன்னைக்கு நான் சோதிச்சதே தப்புங்க. மறுபடியும் சோதிக்கணும். அன்னைக்கு இருந்தவங்க அத்தனை பேரையும் கூப்பிடுங்க" என்றாள் ஜாக்குலின்.

"ஆளுங்களுக்கு வேலை கெடக்குதும்மா. நீ உள்ள போயி பாத்துட்டுப் போ."

"கூப்பிடலைன்னா நான் தொடமாட்டேங்க. இன்னொரு மெஷின்ல இதே மாதிரி ஆனா, அப்புறம் நீங்க யாரை அனுப்புவீங்க?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.  கடைசியில் அவர் கையை ஆட்டினார். ஆட்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்கு வந்தார்கள். பாவாயி அக்காவைப் பார்த்ததும் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஜாக்குலின் இனியனிடம் கம்ப்யூட்டரை நிறுத்தச் சொன்னாள். கீபோர்டைக் கழற்றிக் கொண்டுவந்து பாவாயி அக்கா கையில் கொடுத்தாள். "பிடிங்கக்கா. ஆயுத பூஜை அன்னைக்கு மாதிரி இதை யாரும் தொடக்கூடாது." பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொன்னாள். சென்சாரை எடுத்து வெந்நீரில் வைத்தாள்.

சைரன் அடிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஆகுமோ?" என்றார் செந்தமிழன்.

"எவ்வளவு நேரம் வேணுமோ நில்லுங்க" என்றாள். தண்ணீர் ஆறியது. வேறு தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவரச் சொன்னாள். அதிலும் வைத்தாள். முற்றத்தில் மெஷின்களின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், சைரன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"இனியன், இப்ப கீபோர்டை வாங்கி மாட்டி, நீங்க தெனமும் செய்யற மாதிரி செய்யுங்க."

இனியன் லாகின் செய்து தட்டினான். சைரன் அலறியது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஜாக்குலின் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். புரோகிராமுக்குத் துணையாக வேண்டிய லைப்ரரி எங்கே இருக்கிறது என்பது இனியனின் லாகினுக்கு மட்டும்தான் தெரியும். தானாக ஓட வேண்டிய சர்வீஸுக்கு அதை யாரும் சொல்லவே இல்லை. ஆயுத பூஜை அன்று கீபோர்டு சாமி முன்னால் இருந்தது. அதனால் சைரன் அடிக்கவே வழியில்லை. பிறகு அவர்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்து, லைப்ரரி இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவான இடத்தில் எழுதினாள். யார் லாகின் செய்தாலும், யாருமே செய்யாவிட்டாலும், இனி எல்லாப் புரோகிராமும் அங்கே தேடும் என்றாள். மறுபடியும் கம்ப்யூட்டரை நிறுத்தி, கீபோர்டைக் கழற்றிப் பாவாயி அக்கா கையில் கொடுத்து, ஆன் செய்ய வைத்து, சென்சாரை வெந்நீரில் வைத்தாள். யாரும் எதையும் தொடவில்லை. சைரன் அடித்தது.

செந்தமிழன் இனியன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, அப்ப எல்லாம் உன்னாலதானா?"

"அவரும் இல்லைங்க" என்று ஜாக்குலின் குறுக்கே வந்தாள். "ஒரு தப்புக்கு ஆள் மாத்தி ஆள் பிடிக்காதீங்க. இது எங்க கம்பெனி செஞ்சது. வெச்சுக் குடுத்த அன்னைக்கே கை வைக்காம ஓடுதான்னு பாத்திருக்கணும், பாக்கலை. போன தடவை நானும் பாக்காமயே இல்லைன்னு சொன்னேன்."

அந்த நேரத்தில் முதலாளியின் போன் அடித்தது. சரவணக்குமார்தான். செந்தமிழன் கேட்டுவிட்டுப் போனை ஜாக்குலினிடம் நீட்டினார். சரவணக்குமார் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள், "சொல்லியாச்சு சார். சரியும் பண்ணியாச்சு. நீங்க சொன்ன மாதிரியே நான் இனிமே வரலை" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் வேலை போனது அப்படித்தான். சொந்தக்காரர்கள் இனிமேலாவது இதையே சொல்லட்டும்.

ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். செந்தமிழன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாவாயி அக்கா பக்கம் வந்தார். குரல் தணிந்திருந்தது. "சரி பாவாயி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வேலைக்கு வந்துரு."

"எல்லாரும் நில்லுங்க" என்றார் பாவாயி அக்கா. ஆட்கள் நின்றார்கள். அவர் முதலாளியிடம் மரியாதை குறையாமல்தான் பேசினார். "அன்னைக்கு இவங்க அத்தன பேரையும் நிக்க வெச்சுத்தானுங்க என்னையப் பொய்க்காரின்னு சொன்னீங்க. இப்பவும் எல்லாரும் நிக்கறாங்க. என்ன சொல்லோணுமோ சொல்லுங்க."

செந்தமிழன் சுற்றிப் பார்த்தார். தப்பித்துப் போக அந்த முற்றத்தில் இடமில்லை. இனியன் வாசல்படியில் நின்றான், ஜாக்குலின் நகரவில்லை, நான் கேட்டை மறித்து வேனை நிறுத்தியிருந்தேன். அது தெரியாமல் செய்ததுதான். ஆனால் எடுக்கவும் இல்லை.

"பாவாயி சொன்னதுதான் நெசம்" என்றார் அவர். "சைரன் அடிக்கலை. பொய்க்காரின்னு நான் சொன்னது தப்பு. போற எடத்துல எல்லாம் இதையே சொல்லுங்க."

"சந்தோசமுங்க" என்றார் பாவாயி அக்கா. அப்போதுதான் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த கீபோர்டைக் கொண்டுபோய் முதலாளியிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு வந்துருவல்ல?"

"வரலீங்க" என்றார் பாவாயி அக்கா. "சைரன் அடிச்சா நம்பறீங்க, நான் சொன்னா நம்பலை. அதையே வேலைக்கு வெச்சுக்குங்க."